சொல்லிலிருந்து சமன்பாட்டுக்கு: அல்ஜப்ர் பிறந்த வரலாறு

 



மஃரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் பாடநூலை விரிக்கும் வேளையில் நம் வீடுகள் பலவற்றில் ஒரு முறைப்பாடு கேட்கும். "வாப்பா, கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் விளங்குது. வசனக் கணக்குத்தான் விளங்குதில்லை." எண்களை மட்டும் எழுதித் தந்தால் செய்துவிடும் பிள்ளை, அதே எண்களை நான்கு வரிக் கதையாகத் தந்தால் தடுமாறுகிறான். எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று அறியாமல் பேனையை வைத்துவிடுகிறான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவரிற் பலர் கணிதத்திற்கு அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆனால், வாழ்க்கை ஒருபோதும் நமக்கு எண்களை மட்டும் எழுதித் தருவதில்லை. கதையாகவே தருகிறது. ஒருவர் மரணிக்கிறார், மனைவியையும் மக்களையும் கடனையும் விட்டுச் செல்கிறார். இருவர் கூட்டாக வியாபாரம் செய்கின்றனர்; ஒருவர் இடையில் விலகுகிறார். ஒரு காணி மூவருக்குப் பிரிய வேண்டியிருக்கிறது. இவை யாவும் வசனக் கணக்குகளே. விடை பிழைத்தால் பரீட்சையில் ஐந்து புள்ளிகள் குறைவதோடு விடயம் முடிவதில்லை. ஒருவருடைய ஹக் மற்றொருவரின் கைக்குப் போய்விடுகிறது.

இவ்வாறான கதைகளைச் சமன்பாடாக மாற்றும் முறையை ஒழுங்குபட எழுதி, அதற்கு ஒரு பெயரும் சூட்டி உலகுக்கு அளித்த மாமேதையின் வரலாற்றையே இன்று நாம் நோக்கவிருக்கின்றோம்.

மின்பரில் பிறந்த விடை

அந்த வரலாற்றின் வேர் அவருக்கும் முன்னே செல்கிறது. அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான ஸூரா அந்நிஸாவின் 11, 12, 176 ஆம் வசனங்கள் வாரிசுகளின் பங்குகளை விவரிக்கின்றன. இரண்டிலொன்று, நான்கிலொன்று, எட்டிலொன்று, மூன்றில் இரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று என ஆறு பின்னங்கள் அங்கே குறிப்பிடப்படுகின்றன. கடனும் மரண சாசனமும் நிறைவேற்றப்பட்ட பின்னரே பங்கீடு என்பதும் அவ்வசனங்களிலேயே கூறப்படுகிறது. ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றிருந்த வேளை தமது சொத்தில் பெரும் பகுதியை வஸிய்யத் செய்ய விரும்பியபோது, மூன்றிலொன்றுக்கு மேல் வேண்டாமென நபியவர்கள் தடுத்த செய்தியும் நாம் அறிந்ததே.

ஆகவே, ஒரு முஸ்லிமின் மரணத்தோடு ஒரு பின்னக் கணக்கும் பிறந்துவிடுகிறது. "இல்முல் பராயிழ்" எனும் வாரிசுரிமைக் கலையில் ஸைத் இப்னு தாபித் (ரழி) போன்ற ஸஹாபாக்கள் தனித் தேர்ச்சி பெற்றிருந்தமைக்குக் காரணம் இதுவே.

இத்துறையில் புகழ்பெற்ற சம்பவம் ஒன்றுண்டு. அலீ (ரழி) அவர்கள் கூபா நகரின் மின்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து வினவினார் என அறிவிக்கப்படுகிறது. இறந்தவருக்கு மனைவி, இரு புதல்வியர், தந்தை, தாய் ஆகியோர் இருக்கின்றனர். மனைவியின் எட்டிலொன்று என்னவாகும்? கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தச் சொத்தை 24 பங்குகளாக வைத்தால் மனைவிக்கு 3, புதல்வியருக்கு மூன்றில் இரண்டாகிய 16, தந்தைக்கு 4, தாய்க்கு 4. கூட்டினால் 27 வருகிறது! இருப்பதோ 24. உரையை நிறுத்தாமலே அலீ (ரழி) அவர்கள், அவளுடைய எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்ற பொருள்பட விடையளித்தார்கள். அதாவது சொத்தை 27 ஆகப் பிரித்து எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்தால் மனைவிக்கு 27 இல் 3, அதாவது ஒன்பதிலொன்று. "அவ்ல்" எனப்படும் இம்முறை உமர் (ரழி) அவர்களின் காலத்திலேயே ஸஹாபாக்களின் ஆலோசனையோடு நடைமுறைக்கு வந்திருந்தது. மின்பரிலே தீர்க்கப்பட்டதால் இக்கணக்கு இன்றளவும் "மின்பரிய்யா" என்றே அழைக்கப்படுகிறது.

மனப்பாடமாகத் தெரிந்த பின்னங்கள் இருந்தால் இத்தகைய கணக்கைத் தீர்க்கலாம். ஆனால், தேடப்படும் தொகை கணக்கின் உள்ளேயே மறைந்திருந்தால்? அங்கேதான் புதியதொரு முறை தேவைப்பட்டது.

பக்தாதின் அறிஞர்

அப்பாஸியக் கலீபா மஃமூன் ஹிஜ்ரி 198 முதல் 218 வரை, அதாவது கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்தார். பக்தாதின் "பைத்துல் ஹிக்மா" எனும் ஞான இல்லத்தில் கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அரபுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அங்கு பணியாற்றிய அறிஞர்களுள் ஒருவரே முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. ஏறக்குறைய கி.பி. 780 இல் பிறந்து 850 அளவில் மறைந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே அமைந்த குவாரிஸ்ம் பிரதேசத்தோடு அவருக்கு இருந்த தொடர்பை அவரது பெயரே காட்டுகிறது.

இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி அவர் ஒரு நூல் எழுதினார். அந்நூல் இலத்தீனுக்குச் சென்றபோது அவருடைய பெயரே அங்கு திரிந்து, இன்று கணினித் துறையில் வழங்கும் "அல்கோரிதம்" என்ற சொல் தோன்றியது. ஆயினும் நாம் இங்கு நோக்குவது அவரது மற்றொரு நூலை. "அல்கிதாபுல் முக்தஸர் பீ ஹிஸாபில் ஜப்ர் வல்முகாபலா" என்பது அதன் பெயர். கலீபா மஃமூனின் ஆட்சியில் எழுதப்பட்டது. அட்சரகணிதத்தை ஐரோப்பிய மொழிகள் "அல்ஜிப்ரா" என அழைப்பது இந்நூலின் பெயரிலுள்ள "அல்ஜப்ர்" என்ற சொல்லினாலேயே.

எதற்காக எழுதினார்? அவரே முகவுரையில் கூறுகிறார். கலீபாவின் ஊக்கத்தினால் சுருக்கமானதொரு நூலை எழுத முற்பட்டதாகவும், வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். சொன்னதைப் போலவே செய்தார். நூலின் ஏறக்குறைய அரைப்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளாலேயே நிரம்பியிருக்கிறது.

இங்கு ஓர் உண்மையையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். தெரியாத தொகையைத் தேடும் கணக்குகள் அவருக்கு முன்னரும் இருந்தன. பாபிலோனியர் களிமண் பலகைகளில் அத்தகையவற்றை எழுதி வைத்தனர். அலெக்ஸாந்திரியாவின் தியோபந்தஸ் அவற்றில் தேர்ந்தவர். இந்தியாவின் பிரம்மகுப்தர் கி.பி. 628 இல் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதியைத் தந்தார். பிறருடைய அறிவை நன்றியோடு ஏற்பது முஸ்லிம்களின் பண்பு. ஆயின், எந்தக் கதையாயினும் அதனை ஆறு வகைச் சமன்பாடுகளுள் ஒன்றாக மாற்றலாம், ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழியுண்டு, அந்த வழி சரியானதென்பதற்கு ஆதாரமும் உண்டு என ஒரு தனிக்கலையாகவே வகுத்தமை அல்குவாரிஸ்மியின் பெரும்பணியாகும்.

"ஷய்" எனும் திறவுகோல்

நேயர்களே! அந்நூலைத் திறந்தால் இன்றைய மாணவர் வியப்படைவார். அதில் ஓர் எழுத்துக் குறியீடுகூட இல்லை. கூட்டல் அடையாளமும் இல்லை. சமன் அடையாளமும் இல்லை. எண்களும் சொற்களாகவே எழுதப்பட்டுள்ளன. வசனக் கணக்கை வசனத்திலேயே தீர்த்தார் அவர்.

தேடப்படும் தொகைக்கு அவர் வைத்த பெயர் "ஷய்". அரபியில் "ஒரு பொருள்" என்பது அதன் கருத்து. சில இடங்களில் அதனை "ஜித்ர்", அதாவது வேர் என்பார். அத்தொகையைத் தன்னாலேயே பெருக்கினால் வருவது "மால்", அதாவது செல்வம். வெறும் எண்ணைத் திர்ஹம் என்பார். ஷய், மால், திர்ஹம் என்ற இம்மூன்று சொற்களைக் கொண்டே முழுக் கலையும் அமைந்தது.

இதிலுள்ள நுட்பம் என்னவெனில், தெரியாததைக் கண்டு அஞ்சி நிற்காமல் அதற்கு ஒரு பெயர் சூட்டுவதாகும். பெயர் சூட்டியதும் அது தெரிந்ததைப் போல் கூட்டவும் கழிக்கவும் இசைகிறது. கணக்கின் இறுதியில் கிடைக்க வேண்டியதைத் தொடக்கத்திலேயே கையில் பிடித்துக்கொள்கிறோம்.

அடுத்தது நூலின் பெயரிலுள்ள இரு செயல்கள். "ஜப்ர்" என்றால் முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதல். எலும்பு முறிவைச் சீராக்குவதற்கும் அரபியில் இச்சொல்லே வழங்கும். அதனால்தான் ஸ்பானிய மொழியில் "அல்ஜெப்ரிஸ்தா" என்ற சொல் எலும்பு பொருத்தும் வைத்தியரைக் குறித்தது. அல்லாஹ்வின் திருநாமமான "அல்ஜப்பார்" என்பதும் இவ்வேரிலிருந்தே வருகிறது; உடைந்ததைச் சீராக்குபவன் என்பதும் அதற்கு உலமாக்கள் கூறும் கருத்துகளுள் ஒன்றாகும். கணக்கில் ஜப்ர் என்பது, ஒரு பக்கத்தில் குறைவாக நிற்கும் தொகையை நிரப்பி, அதே தொகையை மறுபக்கத்திலும் கூட்டுவதாகும். "முகாபலா" என்றால் நேருக்கு நேர் நிறுத்துதல். இரு பக்கங்களிலும் ஒரே இனமாக இருப்பவற்றை எதிரெதிரே வைத்துச் சமமானதை நீக்குவதாகும்.

அவருடைய நூலிலுள்ள கணக்கொன்றைக் கொண்டே இதனை விளங்குவோம். பத்தை இரு பகுதிகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றையும் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் 58 வருகிறது. அப்பகுதிகள் யாவை?

ஒரு பகுதியை ஷய் என்போம். மற்றது பத்தில் ஷய் குறைந்தது. முதலாவதைத் தன்னால் பெருக்க ஒரு மால். இரண்டாவதைத் தன்னால் பெருக்க நூறும் ஒரு மாலும், இருபது ஷய் குறைய. இரண்டையும் கூட்ட, நூறும் இரண்டு மாலும், இருபது ஷய் குறைய. இது 58 இற்குச் சமன். கதை இங்கே சமன்பாடாகிவிட்டது.

இனி ஜப்ர். குறைவாக நிற்கும் இருபது ஷய்யை இரு பக்கமும் கூட்டுகிறோம். நூறும் இரண்டு மாலும், 58 உம் இருபது ஷய்யும் சமன். எல்லாவற்றையும் பாதியாக்கினால் ஐம்பதும் ஒரு மாலும், 29 உம் பத்து ஷய்யும் சமன். அடுத்தது முகாபலா. இரு பக்கமும் 29 ஐ நீக்குகிறோம். 21 உம் ஒரு மாலும் பத்து ஷய்யுக்குச் சமன்.

இப்போது அவர் தரும் விதியைப் பின்பற்றுவோம். பத்தின் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதிலிருந்து 21 ஐக் கழித்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் 3, கூட்டினால் 7. பகுதிகள் மூன்றும் ஏழும். சரிபாருங்கள்: ஒன்பதும் நாற்பத்தொன்பதும் ஐம்பத்தெட்டு. இவ்வகைச் சமன்பாட்டுக்கு இரு விடைகள் இருக்கலாமென்பதையும், சில வேளை விடையே இராதென்பதையும் அவர் எடுத்துரைத்துள்ளார். விதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், சதுரங்களையும் நீள்சதுரங்களையும் வரைந்து அது ஏன் உண்மையென்றும் காட்டினார். "இப்படிச் செய்" என்பதோடு "இதனால் செய்" என்பதையும் சேர்த்துச் சொல்வதே உண்மையான ஆசிரியரின் இலக்கணமல்லவா!

கடன்பட்ட மகனின் கணக்கு

அல்குவாரிஸ்மியின் வஸிய்யத் பகுதியிலுள்ள கணக்கொன்று நம் உள்ளத்தைத் தொடக்கூடியது. ஒருவர் இரு ஆண் மக்களை விட்டு மரணிக்கிறார். வாரிசல்லாத ஒருவருக்குச் சொத்தில் மூன்றிலொன்றை வஸிய்யத் செய்திருக்கிறார். கையில் இருப்பது 10 திர்ஹம். அத்தோடு, மக்களில் ஒருவர் தந்தைக்குத் தர வேண்டிய கடன் 10 திர்ஹம். எவ்வாறு பிரிப்பது?

மொத்தம் 20 தானே என்று ஒருவர் அவசரப்படலாம். அப்படியாயின் வஸிய்யத் பெறுபவருக்கு ஆறும் மூன்றில் இரண்டும். ஒவ்வொரு மகனுக்கும் அதே அளவு. கடன்பட்ட மகன் தன் பங்கைக் கடனில் கழித்துக்கொண்டாலும், மற்ற இருவருக்கும் சேர்த்துப் பதின்மூன்றும் மூன்றிலொன்றும் வேண்டும். கையில் இருப்பதோ பத்துதான். கணக்கு நிற்கவில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது? கடனில் எவ்வளவு சொத்தோடு சேரும் என்பது அந்த மகனின் பங்கைப் பொறுத்தது. அவனது பங்கோ மொத்தச் சொத்தைப் பொறுத்தது. மொத்தச் சொத்தோ கடனில் எவ்வளவு சேரும் என்பதைப் பொறுத்தது. வட்டமாகச் சுழல்கிறது! இந்த வட்டத்தை உடைக்கவே "ஷய்" வருகிறது.

கடனிலிருந்து சொத்தோடு சேரும் பகுதியை ஷய் என்கிறார் அவர். சொத்து இப்போது பத்தும் ஷய்யும். அதில் மூன்றிலொன்று வஸிய்யத்துக்குப் போகிறது. மீதி மூன்றில் இரண்டை இரு மக்களும் சமமாகப் பிரிக்க, ஒவ்வொருவருக்கும் கிடைப்பதும் மூன்றிலொன்றே. அது மூன்றும் மூன்றிலொன்றும் திர்ஹமும், ஷய்யில் மூன்றிலொன்றும் ஆகும். கடன்பட்ட மகனின் பங்கு எதுவோ அதுவே ஷய். ஆகவே இரண்டும் சமன். இரு பக்கமும் ஷய்யில் மூன்றிலொன்றை நீக்க, ஷய்யில் மூன்றில் இரண்டு, மூன்றும் மூன்றிலொன்றுக்குச் சமன். எனவே ஷய் என்பது 5.

சொத்து 15 ஆகிறது. வஸிய்யத் பெறுபவருக்கு 5, ஒரு மகனுக்கு 5, மற்ற மகனுக்கு 5. கையிலுள்ள பத்தை முதலிருவரும் பெறுகின்றனர். மூன்றாமவர் தன் பங்கைக் கடனில் கழித்துக்கொள்கிறார். எஞ்சிய கடனுக்குரிய சட்டம் புகஹாக்களின் ஆய்வுக்குரியது. இங்கு நாம் நோக்கியது கணக்கின் வழியை மட்டுமே.

இன்னொரு கணக்கில் ஒரு பெண்மணி கணவரையும் ஒரு மகனையும் மூன்று புதல்வியரையும் விட்டு மரணிக்கிறார். வேறொருவருக்கு எட்டிலொன்றும் ஏழிலொன்றும் வஸிய்யத் செய்துள்ளார். சொத்தை 1,120 பங்குகளாக்கினால் வஸிய்யத்துக்கு 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, புதல்வியர் ஒவ்வொருவருக்கும் 123 என ஒரு பின்னமும் மிஞ்சாமல் முடிகிறது. கூட்டிப் பாருங்கள், பிள்ளைகளே!

நம் முற்றத்திலுள்ள கணக்கு

பெற்றோர்களே! இது பக்தாதின் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். மரண சாசனமின்றி இறக்கும் முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவின் மார்க்கச் சட்டப்படி பங்கிடப்பட வேண்டுமென இலங்கையிலும் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. சட்டம் இருந்தும் கணக்குப் பிழைத்தால் நீதி பிழைத்துவிடும்.

ஓர் உதாரணத்தை அமைத்துப் பார்ப்போம். ஒரு வாப்பா மௌத்தாகிறார். அவரது பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். மனைவியும் இரு ஆண் மக்களும் ஒரு மகளும் இருக்கின்றனர். வஸிய்யத் எதுவுமில்லை. வீடு, காணி, கடை எல்லாமாக 34 இலட்சம் ரூபா பெறுமதி. ஜனாஸாச் செலவும் அவர் பிறருக்குச் செலுத்த வேண்டிய கடனும் 2 இலட்சம். மூத்த மகன் கடை தொடங்குவதற்காக வாப்பாவிடம் கடனாகப் பெற்று இன்னும் திருப்பிக் கொடுக்காத தொகை 8 இலட்சம்.

பலருடைய பேச்சு இப்படித்தான் செல்லும்: "அது வாப்பா மகனுக்குக் கொடுத்ததுதானே, இப்ப ஏன் கிளறுவான்?" அந்த எட்டு இலட்சத்தை மறந்தால் பங்கிட இருப்பது 32 இலட்சம். தாய்க்கு எட்டிலொன்றாக 4 இலட்சம். மீதி 28 இலட்சம் ஐந்து பங்காகி, மகளுக்கு 5 இலட்சத்து 60 ஆயிரம். மகன்மார் ஒவ்வொருவருக்கும் 11 இலட்சத்து 20 ஆயிரம்.

உண்மையான கணக்கு எது? தந்தைக்கு வர வேண்டிய கடனும் அவருடைய சொத்தே. 34 ஓடு 8 ஐக் கூட்டி 2 ஐக் கழிக்க 40 இலட்சம். தாய்க்கு 5 இலட்சம். மீதி 35 இலட்சம். மகளின் பங்கை ஷய் என்போம். மகன்மார் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஷய். பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஐந்து ஷய். அது 35 இலட்சத்துக்குச் சமன். ஆகவே ஷய் 7 இலட்சம். மகளுக்கு 7, மகன்மாருக்குப் பதினான்கு பதினான்கு. மூத்த மகனின் பங்கு அவர் பட்ட கடனைவிடப் பெரிதாகையால் முழுக் கடனையும் அதில் கழித்து, அவர் கையில் பெறுவது 6 இலட்சம்.

இரு கணக்குகளையும் முகாபலா செய்து பாருங்கள். மறந்த கணக்கில் உம்மா ஒரு இலட்சத்தை இழக்கிறார். தங்கை ஒரு இலட்சத்து 40 ஆயிரத்தை இழக்கிறாள். தம்பி 2 இலட்சத்து 80 ஆயிரத்தை இழக்கிறார். மூவரும் இழந்த 5 இலட்சத்து 20 ஆயிரமும் மூத்தவரிடம் சேர்ந்துவிட்டது. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் பொய் சொல்லவுமில்லை. கதையிலிருந்த ஒரு வசனத்தைச் சமன்பாட்டில் எழுதாமல் விட்டார்கள், அவ்வளவே. வெட்கத்தினாலோ, அண்ணன் மீதுள்ள மரியாதையினாலோ அந்தத் தங்கை வாய்திறக்காமல் இருந்துவிடக்கூடும். ஆனால் அவளுடைய ஹக் அதனால் மறைந்துவிடாது.

சொத்துப் பங்கீட்டின் மார்க்கத் தீர்ப்புகளை அறிந்த ஆலிம்களிடமே கேட்க வேண்டும். எனினும், கேட்கும்போது எதையும் மறைக்காமல் முழுக் கதையையும் சொல்வதும், கிடைத்த விடையைச் சரிபார்க்கத் தெரிந்திருப்பதும் நம் கடமையாகும்.

கலை சென்ற பாதை

அல்குவாரிஸ்மியின் பின் எகிப்தின் அபூ காமில் இக்கலையை மேலும் வளர்த்தார். நூறு திர்ஹத்துக்கு நூறு பறவைகள் வாங்கும் கணக்குகளைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். அவற்றுள் ஒன்றுக்கு 2,676 விடைகள் உண்டெனக் கண்டார். உமர் கையாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்திக் கேத்திரகணித முறையால் தீர்த்தார். 1204 இல் மரணித்த மொரோக்கோவின் இப்னுல் யாஸமீன் அல்ஜப்ரை மனனம் செய்வதற்கேற்ற பாடலாகவே இயற்றினார். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது "முகத்திமா"வில் கணிதத்தின் கிளைகளாக அல்ஜப்ரையும் வியாபாரக் கணக்கையும் பராயிழையும் அருகருகே வைத்துப் பேசுகிறார்.

ஸ்பெயின் வழியாக இக்கலை ஐரோப்பாவை அடைந்தது. 1145 இல் செகோவியா நகரில் செஸ்டர் ஊர் ரொபர்ட் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். அதே நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டும் பெயர்த்தார். ஷய் என்ற சொல் இலத்தீனில் "ரேஸ்" என்றும் இத்தாலியில் "கோஸா" என்றும் ஆனது. இரண்டுக்கும் "பொருள்" என்பதே கருத்து. நெடுங்காலம் ஐரோப்பியரும் சொற்களிலேயே கணக்கிட்டனர். சமன் அடையாளத்தை ரொபர்ட் ரெக்கோர்ட் 1557 இல் அறிமுகப்படுத்தினார். தெரியாக் கணியங்களுக்கு எழுத்துகளை ஒழுங்காகப் பயன்படுத்தும் முறையை 1591 இல் வியேட்டும், இன்றைய வடிவத்துக்கு அண்மையான குறியீட்டை 1637 இல் டேக்கார்ட்டும் தந்தனர். பாடநூலில் நாம் எழுதும் அந்த ஆங்கில எழுத்தே "ஷய்" என்ற சொல்லிலிருந்து வந்ததென ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் போதிய சான்றில்லை. உண்மையான பெருமைகளே போதுமான அளவு இருக்க, உறுதியற்றவற்றை நாம் பரப்பத் தேவையில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

இளைஞர்களே! இனி வசனக் கணக்கொன்று உங்கள் முன் வந்தால் அல்குவாரிஸ்மியை நினைவுகொள்ளுங்கள். முதலில் அவசரப்படாமல் கதை முழுவதையும் வாசியுங்கள். கேட்கப்படுவது எது என்று கண்டு, அதற்கு ஒரு பெயர் சூட்டுங்கள். கதையிலுள்ள மற்ற ஒவ்வொன்றையும் அந்தப் பெயரைக் கொண்டே சொல்லிப் பாருங்கள். பின்னர், ஒரே தொகையை இரு விதமாகச் சொல்லும் இடம் எதுவெனத் தேடுங்கள். கடன்பட்ட மகனின் கணக்கில் "அவனது பங்கு எதுவோ அதுவே ஷய்" என்ற இடத்தில்தான் சமன்பாடு பிறந்தது. அவ்விடம் கிடைத்துவிட்டால் கடினமான பகுதி முடிந்தது. எஞ்சியவை ஜப்ரும் முகாபலாவுமே. ஈற்றில் கிடைத்த விடையைக் கதைக்குள் வைத்துச் சரிபாருங்கள். எண்ணைக் கண்டவுடன் கூட்டத் தொடங்குபவன் வழிதவறுகிறான். வாசித்து விளங்கிய பின் எழுதுபவன் கரைசேர்கிறான்.

பெற்றோர்களே! "உனக்குக் கணக்கு வராது" என்ற சொல்லை உங்கள் நாவிலிருந்து நீக்கிவிடுங்கள். வீட்டுச் செலவையும் ஸகாத் கணக்கையும் கடை வரவுசெலவையும் பிள்ளைகளோடு அமர்ந்து போடுங்கள். ஆண் பிள்ளையோடு பெண் பிள்ளையையும் அமர்த்துங்கள். நாளை தன் பங்கு சரியா என்று பார்க்க அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மொழியில் "கணக்கு" என்ற ஒரே சொல் பள்ளிக்கூடப் பாடத்தையும் மறுமையின் கேள்வி கணக்கையும் குறிக்கிறது. அரபியில் "ஹிஸாப்" என்பதும் அவ்வாறே. இம்மையின் கணக்கைச் சரியாகப் போடுபவருக்கு மறுமையின் கணக்கு இலேசாகும் என ஆதரவு வைப்போம். எவருடைய ஹக்கும் நம் கையில் தங்கிவிடாமல் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! பயனுள்ள அறிவை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.